அந்த மூன்று வருடம் யாருடையது

ஓய்வூதியக் கடிதம் வந்த நாளுக்கு முதல் நாள் பிற்பகல் என் கணவர் எங்கள் பகுதியான ஸ்டோவ்னரின் நிலக்கீழ் ரயில் நிலையத்தில், மார்ச் மாதப் பனியில், வீட்டுச் செருப்போடு நின்றார். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் கண்டு கூட்டிவந்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது அவர் சோபாவில் கம்பளியைப் போர்த்தியபடி இருந்தார். கால்விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"எங்கை போக வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"வேலைக்கு," என்றார். அவர் தபால் பிரிக்கும் வேலையை விட்டு அப்போது ஆறு வருடம்.

அவருக்கு மறதி நோய் என்று வைத்தியர் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது. கிழமையில் இரண்டு நாள் பகல் பராமரிப்பு நிலையம் அவரைப் பார்த்துக்கொள்ளும். மற்ற நாட்களில் நான் வேலைக்குப் போனால் அவர் தனியே. எங்கள் ஒரே மகள் தூரத்து ஸ்தவாங்கரில் எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியியலாளர், கைக்குழந்தைக்காரி. அவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: இலையுதிர் காலம் வரை எப்படியாவது சமாளித்துவிட்டால் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

அந்தக் கணக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் முதியோர் இல்லமொன்றில் உதவித் தாதி. வெள்ளைச் சீருடை போட்டு, படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி, கழுவி, திருப்பிப் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வு வயது அறுபத்தைந்து. ஆனால் எங்கள் வேலைக்கென்று ஒரு விதி இருந்தது. வயதையும் சேவை செய்த வருடங்களையும் கூட்டினால் எண்பத்தைந்து வரவேண்டும். வந்தால் மூன்று வருடம் முந்தியே போகலாம். செப்டெம்பரில் எனக்கு அறுபத்திரண்டு. எண்பதுகளின் நடுவில் நோர்வேக்கு வந்த சில மாதங்களிலேயே வேலைக்குச் சேர்ந்தவள் நான். சேவை இருபத்துமூன்று. கூட்டினால் சரியாக எண்பத்தைந்து. ஓய்வறையில் கோப்பி குடிக்கும்போதெல்லாம் அதை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பேன்.

ஓய்வூதிய நிதியத்தின் கடிதம் இருபது என்றது.

சமையலறை மேசையில் வைத்து அதை மூன்று தரம் வாசித்தேன். என் முதல் மூன்று வருடங்கள் அதில் இல்லை. வயதும் சேவையும் ஒன்றாகத்தானே ஏறும்; ஆகவே மூன்று குறைந்தால் இன்னும் ஒன்றரை வருடம் வேலை செய்ய வேண்டும். என் வலது தோள் ஏற்கெனவே தேய்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமலிருந்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றரை வருடம் அவரைத் தனியே விட்டுப் போகத்தான் முடியாது.

தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் பேசிய இளம் பெண் பணிவாகவே சொன்னாள்: "அந்த வருடங்களுக்கு உங்கள் பெயரில் பதிவு இல்லை. ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள். இலையுதிர் காலத்தில் போக வேண்டுமென்றால் ஆறு கிழமைக்குள் அனுப்ப வேண்டும்."

அந்த மூன்று வருடமும் நான் வேலை செய்த இல்லம் மூடப்பட்டு வெகு காலமாகிவிட்டது. சம்பளத் துண்டுகளை இரண்டு வீடு மாறியதில் எறிந்துவிட்டேன். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சாட்சி.

அவவை அக்கா என்றுதான் நான் கூப்பிடுவது. என்னைவிட ஒரு வயது கூட. அந்தப் பழைய இல்லத்தில் ஒரே வார்ட்டில் இருவரும் வேலை செய்தோம். ஒரு முழு நேர வேலையை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு அரை நேரம் தந்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் பெயரும் ஒன்று. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் வீதிக்கு மூன்று பேருக்கு அது இருந்தது. குடும்பப் பெயராக வரும் கணவன்மாரின் பெயர்கள்கூட, நோர்வேக்காரர் எழுதும் விதத்தில், ஏறக்குறைய ஒன்றுதான். வார்ட் பொறுப்பாளர் எங்களைப் பெரியவள், சின்னவள் என்று கூப்பிடுவா. அக்கா உயரம், நான் கட்டை. என் மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பக்கத்தில் நின்றது அக்காதான். பிறகு அவ லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போனா. வேலையிடங்களும் வேறாகின. கோயிலிலும் கலியாண வீடுகளிலும் காண்போம். முந்தின வருடம்தான் அவ, நான் சொன்ன அதே விதியின்படி, ஓய்வுக்குப் போயிருந்தா.

"அக்கா, ஒரு கடிதம் எழுதித் தருவீங்களே? நான் அங்கை உங்களோடை வேலை செய்தனான் எண்டு," என்று தொலைபேசியில் கேட்டேன்.

பின்னால் ஓடிய தொலைக்காட்சியை அவ நிறுத்துவது கேட்டது.

"உந்தப் பழைய கதையெல்லாம் எனக்கு இப்ப வடிவா ஞாபகம் இல்லை," என்றா.

"என்னக்கா, மூண்டு வருசம்."

"நீர் எப்ப வந்தனீர், எப்ப போனனீர் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? பிழையா எழுதினால் எனக்கெல்லோ கரைச்சல். வேற ஆரையும் கேட்டுப் பாரும்."

வேறு யார்? வார்ட் பொறுப்பாளர் இறந்துவிட்டா. ஃபோனை வைத்த பிறகும் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அக்கா அப்படிப் பேசுகிறவ இல்லை.

எங்கள் இல்லத்தின் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒரு நோர்வேக்காரப் பெண். வாய் கொஞ்சம், கை வேகம். விடயத்தைச் சொன்னதும் யார் யாருக்கோ ஃபோன் எடுத்து, மூடப்பட்ட இல்லத்தின் பழைய ஆளணிப் பத்திரங்கள் ஒரு நிலவறையில் பெட்டிகளாகக் கிடப்பதைக் கண்டுபிடித்தா. அனுமதி கிடைக்க மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமையில் என் கணவர் ஒருமுறை தண்ணீரில்லாத கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். புகை எச்சரிக்கைச் சத்தம் கேட்டு அடுக்குமாடி முழுவதும் வெளியில் வந்து நின்றது. நான் வேலையிடத்தில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் வந்ததும் மற்றத் தாதியிடம் பாதியில் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

நிலவறையில் நாங்கள் இருவரும் இருமி இருமிப் பெட்டிகளைப் பிரித்தோம். இரண்டாம் மணித்தியாலத்தில் அவ ஒரு தடித்த அட்டையை உயர்த்தினா. "இது நீங்களா?"

என் பெயர். என் பிறந்த திகதி. வேலைக்குச் சேர்ந்த நாள். அரை நேரம். கையை நீட்டினேன். ஆனால் அவ அட்டையைத் தரவில்லை. அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அதோடு இன்னொரு அட்டை குத்தப்பட்டிருந்தது. அதே பெயர், வேறு பிறந்த திகதி, அதே வார்ட், அரை நேரம். மேலே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "ஒரே ஆள்." என்னுடைய பிறந்த திகதிக்குக் குறுக்கே ஒரு கோடு.

"காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றியபோது நடந்திருக்கும்," என்றா பிரதிநிதி. "இரண்டு அரை நேரத்தைக் கூட்டி ஒரு முழு நேரமாக்கி, மற்றப் பெண்ணின் இலக்கத்தில் போட்டுவிட்டார்கள். யார் அவ? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"அவவுக்கு வந்த கடிதத்தில் முழு நேரம் என்று இருந்திருக்குமே," என்று சொல்லிவிட்டு அவ என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டா.

அடுத்த நாள் கணவரைப் பகல் நிலையத்தில் விட்டுவிட்டு லோறென்ஸ்கூக்குக்கு பஸ் எடுத்தேன். சொல்லிக்கொண்டு போகவில்லை. அக்கா கதவைத் திறந்தா. முழங்காலில் பட்டி கட்டியிருந்தா. என்னைக் கண்டதும் முகம் மாறியது. பிறகு, "வாரும், இரும்," என்று சொல்லித் தேத்தண்ணி போடப் போனா. நான் அட்டைகளின் பிரதியை மேசையில் வைத்தேன்.

அவ வந்து பார்த்தா. கையில் எடுக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு வந்த கடிதத்திலை முழு நேரம் எண்டே போட்டிருந்தது?"

"தேத்தண்ணி ஆறுது. குடியும்."

"நான் தேத்தண்ணி குடிக்க வரேல்லை."

அவ கதிரையில் இருந்தா. "ஓம். அப்பிடித்தான் போட்டிருந்தது. கண்டனான்."

"கண்டிட்டு?"

"பேசாமல் இருந்தனான். பிழை எண்டு சொன்னால் எல்லாத்தையும் திருப்பித் தோண்டுவாங்கள். என்ரை ரெண்டு முழங்காலும் போச்சுது. உங்களுக்குச் சேவை காணாது, திரும்பி வேலைக்கு வாங்கோ எண்டால் என்னாலை ஏலுமே?"

"அது என்ரை மூண்டு வருசம் எண்டு தெரியாதே உங்களுக்கு?"

"தெரியும்." அவ நெற்றியைத் தேய்த்தா. "உமக்கு வேறை எங்கையும் பதிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். நினைச்சன் எண்டு சொல்லுறன். அப்பிடி நினைக்க விரும்பினன், அவ்வளவுதான்."

"அவர் பனிக்குள்ளை செருப்போடை நிண்டவர், அக்கா."

அவ அழத் தொடங்கினா. நான் அழவில்லை. எழுந்து போய்த் தோளில் கைவைக்கத் தோன்றியது, வைக்கவில்லை. "நான் இதை அனுப்பத்தான் போறன்," என்றேன்.

"அனுப்பினால் என்ரை ஓய்வு போகும்."

"தெரியேல்லை."

"போகும், பிள்ளை. அந்த மூண்டு வருசத்திலை பாதியை எடுத்துப்போட்டால் எனக்கு எண்பத்தைஞ்சு வராது."

பிரதிகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்று உறையில் போட்டு ஒட்டினேன்.

அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, ஆறு நாள் அந்த உறை என் கைப்பையிலேயே கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தபால் பெட்டியைக் கடப்பேன். எனக்கு உரியதைத்தான் கேட்கிறேன் என்று ஒரு குரல். முழங்கால் இரண்டும் போன ஒரு மனுசியைத் திரும்பவும் படுக்கை தூக்க அனுப்பப் போகிறாய் என்று இன்னொன்று. மகளிடம் சொன்னேன். "அம்மா, அவ உங்களைப் பற்றி இப்பிடி யோசிச்சவவே?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அக்கா யோசிக்கவில்லை என்பதற்காக நானும் யோசிக்காமல் விட முடியவில்லை.

ஏழாம் நாள் காலை கணவருக்குச் சேட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் வலது கையைப் பிடித்து நிறுத்தி, "இஞ்சாரும், உமக்கு நோகுதெல்லோ," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அன்று உறையைத் தபாலில் போட்டேன். போட்டுவிட்டு அக்காவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவ, "சரி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா.

இரண்டு கிழமையில் நிதியம் நேரில் வரச் சொன்னது. பிரதிநிதியும் நானும் போனோம். காத்திருக்கும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தா, மடியில் ஒரு கோப்போடு. அவவுக்கும் அழைப்புப் போயிருக்கிறது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது.

அலுவலர் நடுத்தர வயதுக்காரர். இரண்டு அட்டைகளையும் முன்னால் வைத்து, முதலில் அக்காவைத்தான் பார்த்தார். "இந்த மூன்று வருடமும் நீங்கள் தனியாகச் செய்தவையா?"

அக்கா இல்லை என்று சொல்லாவிட்டால் எவ்வளவு காலம் இழுபடும் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை," என்று அக்கா நோர்வேஜிய மொழியில் சொன்னா. "பாதி இவ செய்தது. நாங்கள் இரண்டு பேர். எனக்கு முன்னமே தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும்." பிறகு கோப்பைத் திறந்து ஒரு படத்தை எடுத்தா. அந்த வார்ட்டின் நத்தார் விருந்து. ஒரே சீருடையில் நெட்டையும் கட்டையுமாக நாங்கள். "இனி என்னைத் திரும்பி வேலைக்குப் போகச் சொல்வீர்களா?"

அலுவலர் விளங்காதவர் போலப் பார்த்தார். "ஏன்?"

"அந்த மூன்று வருடத்தில் எனக்குப் பாதி போகிறதே."

"வருடங்கள் போகாது," என்றார் அவர். "இந்த விதிக்கு, அரை நேரம் வேலை செய்தாலும் ஒரு வருடம் ஒரு வருடம்தான். அரை நேரம் என்பது ஓய்வூதியத்தின் அளவைக் குறைக்கும்; அதைத் திருத்துவோம். சேவைக் காலத்தை அது தொடாது. அந்த மூன்று வருடமும் உங்களுக்கும் உண்டு, இவவுக்கும் உண்டு."

அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா. நான் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன், பிறகு அழுதேன். பிரதிநிதி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் விடயம். அதற்குப் பயந்து ஒருத்தி ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தா. இன்னொருத்தி ஆறு நாள் உறையைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

வெளியில் வந்ததும் அக்கா படியில் நின்று, "அண்டைக்கே நான் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால்..." என்று தொடங்கினா. "பஸ் வரப்போகுது, அக்கா," என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிட்டேன். அந்த நேரத்தில் என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

செப்டெம்பர் கடைசியில் வேலையை விட்டேன். என் கணவர் அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் வீட்டிலேயே என்னோடு இருந்தார். முதலாவது குளிர்காலத்தில் நாங்கள் தினமும் பதினொரு மணிக்கு நடக்கப் போனோம். இரண்டாவதில் யன்னலோரம் இருந்து பார்ப்பதோடு சரி. அந்த முதல் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கதவு மணி அடித்தது. அக்கா, கையில் ஒரு பாத்திரம் இடியப்பத்தோடு. "நீர் கடைக்குப் போட்டு வாரும். நான் இவரோடை இருக்கிறன்," என்றா. உள்ளே விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். விட்டேன். அடுத்த வியாழனும் வந்தா. தையிலிருந்துதான் நாங்கள் பழையபடி கதைக்கத் தொடங்கினோம், அதுவும் முதலில் அவரின் மருந்தைப் பற்றி மட்டும்.

மன்னித்துவிட்டீர்களா என்று மகள் ஒருமுறை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது அக்கா உள்ளறையில் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா. அவ வந்து அவரைப் பார்த்துக்கொண்டதால், நான் அன்று காலை இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டிருந்தேன்.