ஆறாவது நட்சத்திரம்

நேற்று சாயங்காலம் போர்ட் பிளேரில் எங்கள் டாலிகஞ்சுப் பக்கம் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் நான் பாட்டுக்கு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். இந்த வயதில் இருட்டில் படியேறினால் மகள் திட்டுவாள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கற்பூரம் என்றாலே எனக்குக் கார் நிக்கோபார் தீவுதான். அறுபதுகளில் அங்கே மராமத்து ஆபீசில் குமாஸ்தா வேலை. கல்யாணமான கையோடு கோவில்பட்டியிலிருந்து கனகத்தை அழைத்துப் போனேன். தென்னை, கடல், சர்ச் எல்லாம் உள்ள ஊர் என்று மாமனாரிடம் சொன்னவன், முருகன் கோயில் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கனகம் டிரங்குப் பெட்டியில் ஒரு முருகன் படம் கொண்டுவந்தாள். கப்பலிலிருந்து படகுக்கு மாறும்போது அலை அடித்துப் பெட்டி நனைந்தது. படத்தில் மயில் தோகை மட்டும் மிஞ்சியது.

மாதாமாதம் கார்த்திகைக்கு விரதம் இருப்பவள் அவள். பகலெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் முருகனைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. பங்குனிக் கார்த்திகை வந்தது. நான் ஆபீஸ் விட்டு வந்தபோது அந்தத் தோகைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். வடித்த சோறு அப்படியே இருந்தது.

"மூஞ்சியில்லாத சாமிய எப்பிடிங்க கும்பிட? சாமி இல்லாத ஊருல என்னால இருக்க முடியாது. அடுத்த கப்பல்ல என்னைய ஏத்தி விட்டுருங்க."

கப்பல் அந்த வாரமே வருவதாக இருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெங்காலிக்காரர், "க்யா ஹுவா, பாபு?" என்று என்ன ஆச்சு என விசாரித்தார். "குச் நஹீ", ஒன்றுமில்லை என்றேன்.

அங்கே ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. கடிகாரம் மட்டும் நம் ஊர் நேரம். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவள் திரும்பவில்லை. பயந்துபோய் ஓடினேன். கையில் செம்புடன் கடல் பக்கம் அண்ணாந்து பார்த்து நின்றாள்.

"ஏங்க, அந்தா பாருங்க! கார்த்திகைப் பொண்ணுக ஆறு பேரும் நிக்காங்க."

முருகனுக்குப் பால் கொடுத்து வளர்த்த ஆறு தாய்மார், நட்சத்திரங்களாக. பக்கத்திலேயே பிறை.

"பிறை சூடுன அப்பனும் வந்தாச்சு. அப்பனும் அம்மாமாரும் நிக்க எடத்துல பிள்ளை இல்லாமலா போவான்? இங்ஙனதான் எங்கயாவது வெளாண்டுக்கிட்டு இருப்பான்."

செம்பைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் அன்று அந்த இருட்டில், யாரோ எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கும் தோன்றியது. நிம்மதியாக இருந்தது. நானும் கை கூப்பினேன்.

"ஒங்களுக்கு ஆறும் தெரியுதா?"

என் கண்ணுக்கு ஐந்துதான் தெரிந்தது. கப்பலை நினைத்து, "ஆறுதான், கனகம்" என்றேன். உள்ளே போய் ஆறிப்போன சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். கப்பல் வந்தது, போனது. அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தோம். இங்கே கோயில் இருந்தது. ஆனாலும் பங்குனிக் கார்த்திகைக்கு அவள் வாசலில்தான் வந்து நிற்பாள், ஆறும் தெரிகிறதா என்பாள், நானும் தவறாமல் ஆறு என்பேன். கார் நிக்கோபார் குவார்ட்டர்ஸைச் சுனாமி கொண்டுபோயிற்று. தெருவிளக்குகள் வந்து இந்த வானமும் வெளுத்துப்போயிற்று. போன வருஷம் கனகமும் போய்விட்டாள்.

நேற்று கரண்ட் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் மேற்கே பார்த்துப் பொறுமையாக எண்ணினேன். ஐந்துதான்.

"ஆறுதான், கனகம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.