மழை அறிக்கை அனுப்பிய ஐயாவு

அப்பா இறந்து நாற்பத்தொரு நாள். பெயர் ஐயாவு. தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு இறப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் அலுவலகக் கிளாக்கராக இருந்தார். அதன் பிறகு ஒன்பது வருடம் இறப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றார். அந்த ஒன்பது வருடமும் என்னால் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவர் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். பெற்றோர் இருவரும் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். எங்கள் லயத்திலிருந்து அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். வேலையோடு இரண்டு அறைக் குவாட்டர்ஸ் கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். அம்மா இதை மாதம் ஒரு தடவையாவது நினைவுபடுத்துவார்.

தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா, தொழிலாளர்கள் பெயர் பதிந்து வேலை பிரித்துக்கொள்ளும் பிரட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்த மழைமானியைப் பார்ப்பார். எத்தனை மில்லிமீற்றர், அன்று பால் வெட்டு உண்டா இல்லையா என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவார். முதலில் தொலைபேசியில் சொன்னார், பின்னாளில் மின்னஞ்சலில் அனுப்பினார். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. பிரட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அலுவலகமும் வெறிச்சோடிவிடும்.

2016இல் நான் உயர்தரம், கணிதப் பிரிவு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை. வவுனியாவில் ஓர் ஆசிரியர் தன் பாடங்களைக் காணொளிகளாக இணையத்தில் போட்டுவந்தார். எங்கள் வீடு இருந்த பள்ளத்தில் சிக்னல் கிடையாது. தோட்டத்தில் இணையம் இருந்த ஒரே இடம் அலுவலகம். அங்கே காணொளித் தளங்களைத் தலைமை அலுவலகம் மூடி வைத்திருந்தது.

வழி சொன்னது நான். பள்ளிக்கூடக் கணினி அறையில் கேள்விப்பட்ட ஓர் இலவச எக்ஸ்டென்ஷன். உலாவியில் சேர்த்துக்கொண்டால் போதும், நாம் பார்க்கும் தளத்தின் விலாசத்தை மறைத்து வேறு நாட்டுக் கணினி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து தரும். ஐந்து படிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அப்பா இரண்டு தடவை வாசித்தார். "பாப்பா, இது களவு இல்லியே?"

"இல்லப்பா. சும்மா சுத்திப் போறது."

"யாருக்கும் நட்டம் வராதுல்ல?"

"வராது."

எனக்கு அப்போது பாதிதான் தெரியும். மீதிப் பாதி தெரியாமலே உறுதியாகச் சொன்னேன்.

மழைக்கு வெட்டு இல்லாத நாட்களில் அவர் பாடங்களைப் பதிவிறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருவார். ஐந்து மாதத்தில் எண்பத்துமூன்று பாடம். சாவிக் கொத்திலிருந்து அதைக் கழற்றி என்னிடம் கொடுக்கும்போது ஏதாவது கேட்பார். "இன்னிக்கு என்ன, அந்த வளைஞ்ச கோடா?" வளைந்த கோடு என்றால் தொகையீடு.

ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, தோட்டத்தின் மின்னஞ்சலிலிருந்து அறுநூறு கடிதங்கள் போயின. யாரும் எழுதாத கடிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பு. பக்கத்துத் தோட்டமொன்றில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கணினி பூட்டிக்கொண்டது, பிரட்டுப் பதிவுகள் முழுவதும் போயின. காரணம் நான் சொன்ன எக்ஸ்டென்ஷன். அப்பா அந்த உலாவியில் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அது எடுத்து யாருக்கோ அனுப்பியிருந்தது. அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் அதில் அடக்கம்.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கேதீசன் என்ற தகவல் தொழில்நுட்ப அதிகாரி வந்தார். பருத்தித்துறைக்காரர். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே துரையும், அதாவது தோட்ட முகாமையாளரும், இருந்தார்.

கேதீசன் ஒரு தாளை மேசையில் வைத்தார். "மழை அறிக்கை அனுப்புறது நீங்கள்தானே, ஐயாவு?"

"ஆமாங்க சேர். இருபத்தாறு வருசமா."

"ஒரு நாளும் பிழை விட்டதில்லைப் போல."

"மழையில என்னங்க சேர் பொய் சொல்ல இருக்கு."

கேதீசன் இரண்டாவது தாளைப் பக்கத்தில் வைத்தார். "பதினெட்டாம் திகதி மழை, வெட்டு இல்லை எண்டு எழுதியிருக்கிறியள். அண்டைக்கு இந்தக் கணினி நாலரை மணித்தியாலம் நெதர்லாந்தோட கதைச்சிருக்கு. இருபத்திரண்டு வெயில். நெதர்லாந்து இல்லை. இருபத்தைஞ்சு மழை. திரும்ப நெதர்லாந்து."

அப்பா இரண்டு தாளையும் பார்த்தார். "நெதர்லாந்துல எனக்கு ஆளு இல்லீங்க சேர்."

துரை சிங்களத்தில் கேட்டார். "மே மொகத, ஐயாவு?" என்ன இது என்று. அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் இருந்தது. அப்பா அவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னார். தான்தான் செய்தது, மகளின் பாடத்துக்காக என்று.

"ஆர் சொல்லித் தந்தது?" என்றார் கேதீசன்.

"நானேதாங்க சேர்."

"நீங்களே? அப்ப சொல்லுங்கோ பாப்பம், இது என்ன செய்யும்?"

"தல்துவையில தண்ணி ஏறுனா பஸ்ஸு ருவான்வெல்ல பக்கமா சுத்திப் போகுதுல்லீங்களா, அந்த மாதிரிங்க."

"அந்த பஸ்ஸை ஆர் ஓட்டுறது எண்டு பாத்தனீங்களா?"

நான் உள்ளே காலை வைத்தேன். அப்பா திரும்பாமலே சொன்னார். "பாப்பா, சோத்த வச்சிட்டு வீட்டுக்குப் போ. இது ஆபிஸ் வெவகாரம்."

அன்று மாலை வீட்டில் நான் அழுதேன். போய்ச் சொல்கிறேன் என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆபிஸ்காரன் செஞ்சா அது தப்பு," என்றார் அப்பா. "வெளியாளு செஞ்சா பொலிஸ். ஒம் பேரு பொலிஸ் புத்தகத்துல ஏறுனா, அப்பொறம் எந்த யூனிவர்சிட்டி?"

"ஒங்களுக்கு வேலை போனா?"

"போனா மம்பட்டி புடிக்கிறேன். எனக்குத் தெரியாத வேலையா? நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். பதினேழு வயதில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான்.

வேலை போகவில்லை. கணினி இருந்த அலுவலகத்துக்குள் அவர் இனி நுழையக் கூடாது என்றார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பால் கொட்டகைக்கு மாற்றினார்கள். வீட்டை விட்டுவைத்தார்கள். கேதீசன் தன் அறிக்கையில், தவறு பயிற்சி இல்லாததால் நேர்ந்தது என்று எழுதியிருந்ததாகத் துரை பிறகு சொன்னார். என்னைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, இறப்பர் ஷீட் ஏற்ற வந்த லொறியில் ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். வவுனியா ஆசிரியரின் எல்லாப் பாடங்களும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கூடவே ஒரு துண்டு. "மகளுக்கு. அந்த எக்ஸ்டென்ஷன் என்ன செய்தது என்பதைப் பரீட்சை முடிந்ததும் படியுங்கள். அதற்கு முன் கணக்கை முடியுங்கள்." அனுப்பியது கேதீசன். வழி சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நான் நிறுவனங்களின் வலையமைப்புகளைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். என் முதல் பாடப் புத்தகம் அந்தத் துண்டுதான். அவருக்குக் கடிதம் எழுதி நன்றி சொன்னேன். அப்பாவுக்கு அப்படி உட்கார்ந்து சொன்னதில்லை.

அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் இரண்டு மாதம் பதிவுகளைக் கையால் திரும்ப எழுதினார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துபோய் அவருக்கு உதவினார். ஏன் என்று அவர் கேட்டாராம். "கையெழுத்து நல்லா இருக்கும்னு சொன்னாங்க, அதான்," என்றாராம் அப்பா.

பரீட்சை முடிவு வந்தது 2017 டிசம்பரில். கடைத்தெருவில் இணையத்தில் பார்த்துவிட்டு மலை ஏறினேன். பொறியியலுக்குப் போதுமான புள்ளி. அப்பா கொட்டகையில் இருந்தார். எதிரே பால் வெட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அம்மாவும் பால் வெட்டுகிறவர்தான், மூன்றாவது ஆள். சொன்னேன். அப்பா தராசில் இருந்த பாலை நிறுத்து, எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். பால் உறைந்துவிடும், அது நிற்காது. கையை லுங்கியில் துடைத்தார்.

"போய்த் தொரைகிட்ட சொல்லு."

"நீங்க வாங்கப்பா."

"நான் உள்ள வரக் கூடாதுல்ல. நீ போ. நிமிந்து போ."

போனேன். அப்பாவின் மேசையில் வேறொருவர் இருந்தார். துரை கேட்டுவிட்டு எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் கொட்டகைக்கு இறங்கி நடந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் அப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா மற்றக் கையால் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தார்.