நிறுத்திப் பார்க்கிற அக்கா

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரைக் கணினி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் கவுன்டரில் உட்கார்ந்து ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவன். பின்னறையில் எல்லா ரிப்போர்ட்டையும் தருகிற பெரிய கம்ப்யூட்டர், அந்த யூனிக்ஸ் சர்வர், படுத்துவிட்டால் ரிப்போர்ட் வராது, என் தலைதான் உருளும். உடனே அக்காவுக்குப் போன் போடுவேன்.

அக்காவின் மகள் நீச்சல்காரி. அவள் போட்டியில் குதிக்கிற நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியன் படுக்கும். அக்கா போனும் கையுமாக வெளியே ஓடுவார். "நீ பாதி அம்மாதான்" என்று மகள் ஒருநாள் சொல்லிவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வர்ற சனிக்கிழமை போட்டி. போனை ஆஃப் பண்ணிட்டு உக்காரப் போறேன்" என்றார்.

"அப்ப என்னை யாரு காப்பாத்துறது?"

"அதுக்குத்தான் இந்த வாரமே சரி பண்ணப் போறேன்."

சர்வருக்குப் புது மெமரி போட்டும் அது திணறிக்கொண்டுதான் இருந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி என்று அளந்து கொடுக்கிற கெர்னல், அதாவது சர்வரின் உள்மூளை, பழைய உச்சவரம்பை விட்டு நகரவில்லை. பெரிய வீட்டுக்குக் குடிபோன பிறகும் ஒரே அறையில் முடங்கிக் கிடப்பது மாதிரி. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா வரம்பை உயர்த்தியதும் ரிப்போர்ட்டுகள் மளமளவென்று வந்தன. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் அக்கா, "சாப்பாட்டு நேரத்துல நிறுத்தி, மறுபடி போட்டுப் பாக்கணும் சார்" என்றார்.

"நல்லா ஓடுறதை எதுக்கும்மா நோண்டுறீங்க?"

"இப்ப மாத்தினது சர்வர் நிக்கிற வரைக்கும்தான் சார். மறுபடி கிளம்பும்போது ஃபைல்ல நான் எழுதினதைத்தான் படிக்கும். அதைச் சரியா எழுதியிருக்கேனா இல்லையான்னு இப்பவே தெரியணும்ல?"

மேலாளர் அரைமனதாகத் தலையாட்டினார். நிறுத்தினார்கள், போட்டார்கள். சர்வர் எழுந்தது, ரிப்போர்ட்டுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் எழவே இல்லை. மேலாளர் முகம் சிவந்துவிட்டது. அக்காவோ, "அப்பாடா, தப்பு இன்னைக்கே மாட்டுச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வரம்பை ஒரு வரியில் பைட்டாகவும் அடுத்த வரியில் 'பக்கம்' என்கிற பெரிய மெமரித் துண்டுகளாகவும் கேட்கிற கிறுக்குப் பிடித்த கெர்னல் அது. ஒரு பக்கத்துக்கே நாலாயிரத்துச் சொச்சம் பைட். கையால் மாற்றியபோது சரியாகப் போட்ட அக்கா, ஃபைலில் மட்டும் பைட் வரியில் பக்கக் கணக்கை எழுதிவிட்டார். வரம்பு உயர்வதற்குப் பதில் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. திருத்தி, மறுபடி நிறுத்திப் போட்டார். எல்லாம் தானாக எழுந்தது. நம்பாமல் இன்னொரு தடவையும் நிறுத்தினார். மேலாளர் வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, கவுன்டரில் கூட்டம் நெரியும்போது கரண்ட் போனது. பேட்டரியும் கைவிட்டது. வயிற்றுவலிக்காரர் ஒருவர் மேஜையைத் தட்டினார். கரண்ட் வந்ததும் பழக்கதோஷத்தில் போனை எடுத்து அக்கா எண்ணைத் தேடினேன். எண் கிடைப்பதற்குள் என் பக்கத்தில் பிரின்டர் உறுமியது. வயிற்றுவலிக்காரரின் ரிப்போர்ட். போனைக் கீழே வைத்தேன்.

மதியம் அக்காவே கூப்பிட்டார். "என்னப்பா, யாருமே கூப்பிடலையா?"

"கரண்ட் போச்சுக்கா."

"ஐயோ, அப்புறம்?"

"வந்துச்சு. அதுவே எழுந்திருச்சு. உங்க பொண்ணு ஜெயிச்சாளா?"

"நாலாவதா வந்தா" என்றார். "குதிச்சதிலேர்ந்து கரையேறுற வரைக்கும் பாத்தேன்பா."