நாலாம் மாடியில் நானூறு லீற்றர்

என் கணவருக்கு மீன்மீது பிரியம் இருந்தது, குழம்பில் மட்டும். ஆனால் புறநகர் ஆர்ஜொந்தெயில் இருக்கும் அவருடைய அண்ணர், வீட்டின் கீழ்த்தளத்தில் முந்நூறு லீற்றர் மீன்தொட்டி ஒன்றை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதன் முன்னால் கதிரை போட்டுத் தேநீர் கொடுக்கத் தொடங்கினார். அதன் பிறகு இவருக்கு நிம்மதி இல்லை. இரண்டு மாதத்துக்குள் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் நானூறு லீற்றர் தொட்டி அகப்பட்டது.

அண்ணரின் வீடு தரையில் நிற்கிறது. நாங்கள் இருப்பது நகருக்குள், லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராருக்குப் பக்கத்துத் தெருவில், நூறு வயது தாண்டிய கட்டடத்தின் நாலாம் மாடியில். லிப்ட் கிடையாது. தரை முழுக்க மரப்பலகை. சலோனில், எங்கள் முன்னறையில், யாராவது கொஞ்சம் பலமாக நடந்தால் அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் கதைக்கத் தொடங்கிவிடும்.

நான் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். கட்டட வேலை எனக்குத் தெரியாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பது தெரியும். அதோடு கல், கண்ணாடி, இரும்பு நிலை எல்லாம் சேர்த்தால் அரைத் தொன்னைத் தாண்டுகிறது. ஏழு தடித்த ஆம்பிளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எங்கள் சலோனிலேயே குடியிருப்பதுபோல என்று இவரிடம் சொன்னேன்.

“போன பிறந்தநாளுக்கு இருவது பேர் இஞ்சை நிண்டு ஆடினவை,” என்றார். “விழுந்ததே?”

“அவை ஆடிப்போட்டு வீட்டை போயிட்டினம். தொட்டி போகாது.”

இவர் ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. அங்கே எல்லோரும் இஞ்சினியர்கள். ஒருவர், ஊரில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் லீற்றர் தண்ணீர்த்தாங்கி நிற்கிறது, ஒரு கீறல்கூட இல்லை என்றாராம். அது கொங்கிறீற் தூணில் நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை. இன்னொருவர் வடகிழக்கு மூலை என்றார். மூன்றாமவர், நாலு பக்கமும் தெரியச் சலோனின் நட்டநடுவில் வைக்கச் சொன்னார். இவருக்கு மூன்றாமவரைத்தான் பிடித்தது.

எங்களுக்கு நேர் கீழே ஒரு புதுச்சேரிக்காரர் தனியாக இருக்கிறார். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். படியில் யாரைக் கண்டாலும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லுவார். அதற்காகவே இவர் அவருக்குத் ‘துரை’ என்று பட்டம் வைத்திருந்தார். அவருக்கு ஒரு சொல் சொல்லுங்கோ என்றேன். எங்கள் வீட்டில் நாங்கள் தொட்டி வைக்கத் துரையிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கிழமை நானே அவரை மூன்று தடவை படியில் கண்டேன். மூன்று தடவையும் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குசினி இஞ்சினியர்கள் நாலு பேர் வெறும் தொட்டியை மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நாலு பேரும் நாலு விதமாகக் கட்டளையிட்டார்கள். சுவரோடு வைக்கலாமே என்றேன். ஒரு பக்கம்தான் தெரியும் என்றார்கள். தொட்டி நடுவில் உட்கார்ந்தது. சாப்பிட்டுவிட்டு அவர்கள் போய்விட, இவர் குசினிக் குழாயில் றப்பர்க் குழாய் மாட்டித் தண்ணீர் விடத் தொடங்கினார்.

பாதி நிரம்பியபோதுதான் கவனித்தேன். தண்ணீர் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை உயரமாக நின்றது. கண்ணாடியைக் கோணலாக வெட்டிவிட்டான்கள் என்று சொல்லிவிட்டு, இவர் ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்து இரும்புக் காலுக்குக் கீழே செருகினார். நான் குழாயைப் பூட்டினேன். அவர் திறந்தார். நான் திரும்பவும் பூட்டி, றப்பர்க் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

அப்போது வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர். கழுத்தில் கட்டிய ரை, காலில் வீட்டுச் செருப்பு. நீட்டிய உள்ளங்கையில் வடையளவு சுண்ணாம்புக் காரை.

“மதாம், உங்க தண்ணி இன்னும் கீழ வரல,” என்றார். “உங்க வீடுதான் வந்துகிட்டிருக்கு.”

இவர் அன்றைக்கு முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார்.

வாளி வாளியாக இறைத்துக் குளியலறையில் ஊற்றினோம். அந்த மனிதர் ரையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, தானும் ஒரு வாளியை எடுத்தார். அவருடைய கட்டில் சரியாகத் தொட்டிக்கு நேர் கீழே என்று வாளிகளுக்கு நடுவில் தெரியவந்தது.

அடுத்த கிழமை வந்த தச்சர் இரண்டு பலகைகளைக் கழற்றிக் காட்டினார். தரையைத் தாங்கும் உத்திரங்கள் தெருப்பக்கச் சுவரிலிருந்து கட்டடத்தின் நடுச்சுவர்வரை ஓடின. நாங்கள் தொட்டியை அவை ஓடும் திசையிலேயே நீளவாட்டில் வைத்ததால், முழுப்பாரமும் இரண்டே உத்திரங்களின் நடுவில் இறங்கியிருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றின் நுனி பழைய மழைக்கசிவில் உக்கிப்போயிருந்தது. அவர் அழுத்த, விரல் நனைந்த கேக்குக்குள் போவதுபோல உள்ளே போனது.

முதலில் இதை மாற்றுங்கள் என்றார். பிறகு தொட்டி வேண்டுமென்றால் நூறு லீற்றர், அதற்கு மேல் வேண்டாம். நடுச்சுவரை ஒட்டி, உத்திரங்களுக்குக் குறுக்கே வையுங்கள், நாலைந்து உத்திரங்கள் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். அடியில் தடித்த பலகை போட்டு மட்டம் பாருங்கள். தண்ணீர் விடுவதற்கு முன் அசூரன்ஸ் காப்புறுதிக் கொம்பனிக்கு எழுதுங்கள். இவர் ஒவ்வொன்றுக்கும், தானும் அதைத்தான் யோசித்து வைத்திருந்ததுபோலத் தலையாட்டினார்.

கட்டட உரிமையாளர்களின் கூட்டத்தில் இந்த விஷயம் வந்தது. மற்ற மாடிகளையும் சோதித்ததில் இன்னும் இரண்டு உத்திரங்கள் உக்கியிருந்தனவாம். தலைமை வகித்த அம்மா, நேரகாலத்தோடு தன் தரையைச் சோதிப்பித்த நாலாம் மாடி மிசியுவுக்கு எல்லோர் சார்பிலும் நன்றி சொன்னார். தொட்டியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இவர் எழுந்து நின்றார். பழைய வீடுகளின் ஆபத்தைப் பற்றியும், கீழே படுத்திருக்கும் மனிதரை மேலே இருப்பவன் நினைக்க வேண்டியதைப் பற்றியும் தன் பிரெஞ்சில் ஐந்து நிமிடம் பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்த கீழ் வீட்டுக்காரர் தன் காலிலிருந்த சப்பாத்தின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் அவர்தான் முதலில் கைதட்டினார். நானும் தட்டினேன். பேச்சு உண்மையிலேயே நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.