கிளைவிட்ட கிருமி

கிருமி லேபில் வேலை பார்ப்பவர்களைத் தேடி வருவதெல்லாம் சளி, சீழ், சிறுநீர்தான். இந்தப் பிழைப்பில் என்னோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பார்த்த கேஸ் இது.

சிவப்பு நூல்

பொன்முடி எஸ்டேட் தொழிலாளி செல்வராஜுக்கு அவன் அக்கா மாரியம்மா சிறுநீரகம் கொடுத்திருந்தாள். சில மாதத்திலேயே ஜுரம், இருமல், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு. டிபிதான் என்று வார்டில் முடிவுகட்டிவிட்டார்கள். சிறுநீரக டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் காக்கிற மருந்தை டிபி மருந்து கெடுத்துவிடும். அக்கா கொடுத்தது வீணாய்ப் போகும்.

சளியைச் சாயமேற்றிப் பார்த்தேன். டிபி கிருமி குட்டைக் குச்சி. இதுவோ சிவப்பு நூலாக நீண்டு கிளை விட்டிருந்தது. "டிபி இல்லை சார், நொகார்டியா. மண்ணில் இருக்கிற கிருமி. இவர் சாப்பிடுற மாதிரி மருந்தாலே எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களைத்தான் பிடிக்கும்" என்று சிறுநீரக டாக்டரிடம் சொன்னேன். எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு இருந்தது.

"வளர்த்துக் காட்டுங்க மேடம். அதுவரைக்கும் டிபி மருந்தைத் தொடமாட்டேன். ஆனா ஆள் தாங்கணும்."

தங்கப்பனின் சுத்தம்

கிருமிக்குத் தீனி ஊற்றி உறையவைத்த தட்டில் சளியைத் தடவி வைத்தேன். ரெண்டு நாளில் எதுவும் முளைக்காத தட்டு குப்பைக்கு என்பது எங்கள் லேப் வழக்கம். நொகார்டியாவோ ஆற அமரத்தான் வரும். பழைய தட்டுகளை அள்ளி நீராவியில் அவிக்கிற அட்டெண்டர் தங்கப்பன் சுத்தத்தில் புலி. நான் போய்ப் பார்த்தபோது செல்வராஜின் தட்டு அவர் கூடையில் கிடந்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு கன்னாபின்னாவென்று கத்தினேன். மனுஷர் அசராமல் ரெண்டு நாள் கணக்கைத் தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

"ரெண்டு திவசம் கழிஞ்சாச்சல்லோ மேடம், இனி அதிலே என்ன முளைக்கும்?"

மண் வாசனை

வாரக் கடைசியில் முளைத்தது, சுண்ணாம்புப் பொடி தூவின மாதிரி. மூடியைத் தூக்கியதும் மழை பெய்த மண்ணின் வாசனை. டாக்டர் தாமே இறங்கி வந்து பார்த்துவிட்டு, நொகார்டியாவுக்கான மருந்தைத் தொடங்கினார். ஜுரம் இறங்கியது, சிறுநீரகமும் தப்பியது. அந்தச் சந்தோஷத்தில் தங்கப்பனுக்கும் சேர்த்தே டீ வாங்கினேன்.

மண் கிருமி இவனுக்கு எப்படி வந்தது? ஊருக்குப் போக விதுரா பஸ்ஸுக்குக் கிளம்பிய மாரியம்மாவிடம் கேட்டேன். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் கேளாமல், எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு நட மண்ணைக் கொத்தியிருக்கிறான்.

"கிட்னியைக் குடுத்தேம்மா, மம்பட்டியைப் பிடுங்கி வைக்க மறந்துட்டேன் பாத்துக்கிடுங்க."

ஒருத்தனைப் பிழைக்க வைப்பதற்காக, அவனைக் கொல்ல வந்ததற்குத் தீனி போட்டு வளர்க்கிற உத்தியோகம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.