கேமுக்குள் ஓர் அம்மாவைக் கொண்டுவந்த ரேவதி

ரேவதி நேற்று காலை இறந்துவிட்டாள். மாரடைப்பு... நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தி.நகர் ஆபீஸில் பல வருடம் என் பக்கத்து சீட். மொபைல் ஆப்களை டெஸ்ட் செய்து, எங்கே சொதப்புகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை.

வேலை முடிந்தால் அவள் வேறு ஊருக்குப் போய்விடுவாள். டிராகன், வாள், மந்திரம் என்று இருக்கும் ஒரு ஃபேன்டஸி கேம். என்னையும் அதில் இழுத்துவிட்டது அவள்தான்.

நாங்கள் எல்லாரும் சண்டை போட்டு லெவல் ஏற்றிக்கொண்டிருப்போம். ரேவதி மரம் வெட்டிக்கொண்டிருப்பாள்... வீடு கட்ட.

அந்த கேமோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள ஒரு ஆட்-ஆன் இருந்தது. அதை இன்ஸ்டால் செய்தால் நிலம் வாங்கி வீடு கட்டலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தைகளைத் தத்தெடுக்கலாம்.

அவள் ஆற்றை ஒட்டித்தான் கட்டினாள். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்த வீடுகளை அரசு இடித்து, குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியபோது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

கேமில் இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தாள். ஒரு கொல்லனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனோடு தினம் ஒரு பஞ்சாயத்து.

"மச்சி, இவன் இன்னா இப்டி கீறான்? கிச்சன் வாசல்லயே நின்னுகினு வழியே வுட மாட்டேன்றான்!" என்று கத்துவாள். நான் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டியிருக்கிறேன்.

நிஜக் கல்யாணத்தைப் பற்றி அவள் சிரிக்கும்படி எதுவும் சொன்னதில்லை. அடிக்கிறவனோடு இருக்க முடியாது என்று ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேளச்சேரியில் சின்னதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள்.

அவள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிப் போ என்றார், இவள் மாட்டேன் என்றாள். அதோடு பேச்சு நின்றது... ஒரு வருடத்துக்கு மேல்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மதியம் சாப்பிடும்போது கேட்டாள். "இந்த கேம்ல புருஷன் கீறான், புள்ளைங்க கீது, நாய்கூட கீது. அம்மா மட்டும் ஏன் மச்சி இல்ல?"

விளையாடுகிறவர்களே ஆட்-ஆன் செய்து அந்த கேமில் சேர்க்கலாம். அவளே ஒரு ஆட்-ஆன் செய்ய உட்கார்ந்துவிட்டாள், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு.

அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அம்மா. தூக்கிச் செருகிய புடவை, இழுத்து முடிந்த கொண்டை. நாம் வெளியே போய்விட்டு வந்தால் திரும்பிப் பார்த்துப் பேச வேண்டும்.

முதலில் தன் குரலிலேயே பதிந்து பார்த்தாள். "அம்மா மாரி இல்ல. அம்மா மாரி நடிக்கிற மாரி கீது" என்று அழித்துவிட்டாள்.

"உங்க அம்மாவையே கேளேன்" என்றேன். "என் ஃபோன எடுக்காது" என்றாள். நம்பரை வாங்கி நானே பேசினேன்.

"எங்கொரலா? தெருமுனைல நின்னு கூப்ட்டா ஊரே திரும்பும். அத்த வச்சி இன்னாம்மா பண்ணப் போறீங்க?" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவ கேக்கச் சொன்னாளா?"

"அவளுக்கு ஆசைதாம்மா. உங்களைக் கேக்கத்தான் பயப்படுறா."

சனிக்கிழமை, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தார். ஆபீஸில் வேறு யாரும் இல்லை. சின்ன மீட்டிங் ரூமில் ஏசியை அணைத்துவிட்டு மைக்கை மேசைமேல் வைத்தோம்.

அம்மாவும் மகளும் எதிரெதிரே... ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

ரேவதி மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சண்டைக்குப் போன பொண்ணு வூட்டுக்கு வருது. நீ 'வந்துட்டியா, கை கால் கழுவு, சோறு போடறேன்'னு சொல்லணும். அவ்ளோதான்."

ரெக்கார்டிங் ஓடியது. அம்மா நிமிர்ந்து மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஏண்டி... இப்டி எளச்சிப் பூட்டியே. உனக்கு யாரும் இல்லன்னு நெனச்சிகினியா?"

ரேவதி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அம்மா எழுந்து போய் அவள் முதுகில் கை வைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வார்த்தைகளைத்தான் ஆட்-ஆனில் வைத்தாள், கீழே இங்கிலீஷ் சப்டைட்டிலோடு. எங்கெங்கோ இருப்பவர்கள் அதை டவுன்லோடு செய்து விளையாடினார்கள்.

'டிராகனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த அம்மாவிடம் திட்டு வாங்கவே வீட்டுக்குத் திரும்பி வருகிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை ஆபீஸ் முழுக்க வாசித்துக் காட்டினாள்.

கொஞ்ச நாளில் அம்மா வேளச்சேரிக்கே வந்துவிட்டார். எங்கள் லஞ்ச் டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வர ஆரம்பித்தது.

ஒரு மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. ரேவதி முதலில் தூக்கியது கம்ப்யூட்டரை. "துணிமணியெல்லாம் வுட்டுட்டு இத்தத் தூக்கினு மாடிக்கு ஓடுதும்மா இது" என்று அம்மா என்னிடம் ஃபோனில் புகார் சொன்னார். பின்னால் ரேவதி சிரிக்கிற சத்தம் கேட்டது...

நேற்று மாலை எல்லாம் முடிந்தது. சொந்தக்காரர்கள் அம்மாவைத் தங்களோடு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"எம்பொண்ணு எட்த்த வூடு இது. நான் இங்கியேதான் இருப்பேன்" என்றார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

இன்று மதியம் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, கொஞ்சம் சாப்பிட்டார்.

அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அம்மா இப்போதுதான் கண்ணசந்தார், ரேவதி. நீயும் தூங்கு மச்சி.