கண்ணாடித் தொட்டிக்கு அந்தப் பக்கம்

சைகோனிலிருந்து சிங்காரவேலு திரும்பி வந்தபோது விருத்தாம்பாளுக்கு அவன் முகம் மறந்துபோயிருந்தது. வில்லியனூர் ரயிலடியில் இறங்கிய கூட்டத்தில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் அவன்தான் பக்கத்தில் வந்து, "விருத்தாம்பாதானே?" என்று கேட்டான்.

"நான்தான்."

வீடுவரைக்கும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள்.

கல்யாணமான மறுவருஷமே கப்பல் ஏறியவன் அவன். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் சுங்கச் சாவடியில் காவல் வேலை. இங்கே அவள் மாமியாரைக் கடைசிவரை பார்த்து அனுப்பினாள், இருந்த துண்டு நிலத்தில் கீரைப் பாத்தி போட்டாள், வில்லியனூர் சந்தையில் கீரை விற்றாள். தனியாகப் படுத்துத் தனியாக எழுந்து பழகிவிட்ட உடம்பு. இப்போது வீட்டுக்குள் ஒரு ஆம்பளை இருமினால் திடுக்கிட்டது. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவன் சந்தைக்கு வர ஆரம்பித்தான். அவள் கடைக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். கடலோர நல்லவாட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து பக்கத்தில் விற்கிற தனக்கொடிக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா விருத்தாம்பா, உங்க வூட்டுக்காரரு கீரைய காவல் காக்கறாரா, உன்ன காவல் காக்கறாரா?"

விருத்தாம்பாளுக்குக் காது சுட்டது. முளைக்கீரையை எடுத்து மறுபடியும் தண்ணீர் தெளித்தாள்.

அவன் வாயைத் திறந்தது ஒரு மத்தியான வேளையில். சைகோனில் ஒரு சீனர் கடையில் பார்த்த கண்ணாடித் தொட்டியைப் பற்றி மரத்தடியில் இருந்தவர்களிடம் சொன்னான். "உள்ள மீனு நீந்தற மாதிரியே தெரியாதுப்பா. பறக்கற மாதிரி இருக்கும். நாம பூமியில நின்னுக்கினு ஆகாசத்த பாக்கறாப்போல." முதலில் சிரித்தார்கள். ஆனால் ஊசுட்டேரியில் வலை போடுகிற நடேசனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "நீ தொட்டிய கட்டு. மீனுக்கு நான் பொறுப்பு" என்றான்.

நகராட்சித் தலைவரான மேரைப் பார்த்துக் கேட்டதில், சந்தையில் அவள் கடைக்கு எதிரே, புங்க மரத்தை ஒட்டிய கிணற்றடி மூலையைக் கொடுத்தார்கள். ஒருவர் செங்கல் கொடுத்தார், ஒருவர் சுண்ணாம்பு அரைத்தார். புதுச்சேரியில் இடித்த ஒரு கடையின் தடித்த கண்ணாடிகள் வைக்கோலுக்குள் படுத்தபடி மாட்டு வண்டியில் வந்தன. முன்னும் பின்னும் கண்ணாடி, பக்கங்களில் சுவர். முதல் தரம் நிரப்பியபோது தண்ணீர் எல்லாம் வழிந்து சந்தை சேறானது. தார் பூசி மறுபடி நிரப்பினார்கள். நின்றது.

பிறகு மீன்கள் வந்தன. நடேசன் கெண்டையும் விராலும் கொண்டுவந்தான். வாய்க்காலில் துண்டு போட்டுப் பிடித்த அயிரை, பாகூர் ஏரியிலிருந்து பனையேறிக் கெண்டை, மீசை வைத்த கெளுத்தி என்று ஆளுக்கொரு மீனாகச் சேர்ந்தது. தனக்கொடி மட்டும், "நான் கொண்டாந்தா உப்புக் கருவாடுதான் நீந்தணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

தீனி போடுகிற வேலையைச் சிங்காரவேலு எடுத்துக்கொண்டான். தவிட்டையும் பிண்ணாக்கையும் பிசைந்து மேலே தூவினால் கெண்டைகள் வாயைக் குவித்துக்கொண்டு வரும். அயிரை மேலே வராது. அதற்குப் பருக்கைச் சோறு மெல்ல இறங்கி மணலைத் தொடவேண்டும். கெளுத்திக்கு வெளிச்சம் ஆகாது. தொட்டியின் மேல் ஈரச் சாக்கை விரித்து நிழலாக்கிவிட்டு மண்புழு போடவேண்டும். பனையேறி எதைப் போட்டாலும் தின்னும்.

மத்தியானத்தில் சந்தை ஓய்ந்துவிடும். மாடுகள் படுத்து அசைபோடும். வெயில் தொட்டிக்குள் புகுந்து பச்சையாக வெளியே வரும். அந்தப் பச்சை வெளிச்சம் விருத்தாம்பாளின் கீரைக் கூடையிலும் மடியிலும் கைகளிலும் அசைந்துகொண்டிருக்கும். தன் கையே தண்ணீருக்குள் கிடப்பதுபோல அவளுக்குத் தோன்றும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரியும். நெற்றிக்குக் குறுக்கே ஒரு கெண்டை போகும். கன்னம் நீண்டு, சுருங்கி, மறுபடி சேரும். தண்ணீருக்குள் அவனுக்கு வயசே ஆகவில்லை. வீட்டில் நிமிர்ந்து பார்க்க முடியாத முகத்தை அவள் அங்கே கூச்சமில்லாமல் பார்த்தாள். மூக்கின் ஓரத்து மச்சம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணத்தன்று ஓமப் புகை நடுவே அதைத்தான் பார்த்திருந்தாள்.

விரால் மட்டும் ஒன்றும் தின்னவில்லை. உயிரோடு வெட்டுக்கிளி போட்டான், பொடி இறால் போட்டான். அது மூலையில் கரிய கட்டைபோல நின்றது. மூன்றாம் நாள் இன்னொரு வெட்டுக்கிளியைப் போட்டுவிட்டு அவன் தொட்டியைவிட்டு நகரவே இல்லை. விருத்தாம்பாள் எழுந்து போனாள்.

"இப்படி மொறச்சி பாத்துக்கினே இருந்தா அது எப்படிங்க துண்ணும்? கொஞ்சம் திரும்பிக்கங்க."

வந்த நாளிலிருந்து அவனிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவன் திரும்பிக்கொண்டான். அவளும் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேரும் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் 'களக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் வெட்டுக்கிளியைக் காணோம்.

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"ஒண்ணொண்ணுக்கும் பாத்துப் பாத்து போடறீங்க. எனக்கு இன்னா புடிக்கும்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

அவன் கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டான். "கேக்க பயமா இருந்துது. வுட்டுட்டுப் போனவன் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?"

"பின்ன எதுக்கு தெனமும் சந்தைக்கு வந்து குந்திக்கினீங்க?"

"வூட்ல நீ சொவுத்தத்தானே பாக்கறே. இங்க ஒரு வேலையின்னு இருந்தா உன் எதிருலயே நிக்கலாம். தொட்டி கட்டினது அதுக்குத்தான். மீனுக்குன்னு சொன்னதெல்லாம் ஊருக்கு."

அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்தாள்.

"பலாக்கொட்ட போட்ட கத்திரிக்கா கொழம்பு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவனே அடுப்பு மூட்டினான். உப்பு ஒரு கை கூடிப்போயிற்று. அவள் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் புங்கமரக் கிளை விழுந்து கண்ணாடி இரண்டும் நொறுங்கிக் கிடந்தன. சந்தை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். ஊரே குடமும் கூடையுமாகக் குனிந்து மீன் தேடியது. பனையேறிகள் செவுளை ஊன்றித் தாங்களாகவே கிணற்றடிப் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தன. கெண்டைகளில் பாதி செத்துவிட்டன. சிங்காரவேலு உடைந்த சுவரில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

விருத்தாம்பாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு கடையாகத் துழாவினாள். தனக்கொடியின் பலகைக்கு அடியில் குளிர்ந்து வழவழவென்று ஏதோ அசைந்தது. இரண்டு கையாலும் வாரி, ஈர முந்தானையில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். விரால் அவள்மேல் துடித்தது.

"எழுந்திருங்க, தண்ணி கொண்டாங்க. உசுரு இருக்குது."

அவன் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அப்போது ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்திருந்தது. கப்பலில் கண்ணாடி வரவில்லை, உள்ளூரிலும் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி இருந்த இரண்டு பக்கத்தையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இனி மேலேயிருந்து குனிந்துதான் பார்க்கவேண்டும். கிணற்றுச் சுவர் ஒரு பக்கம், மரத்தின் வேர் ஒரு பக்கம், அவன் முன்பு நின்ற பக்கத்தில் புதுச் சுவருக்குக் கொடுத்த முட்டு என்று நெருக்கியதில் நிற்க அவள் கடைப் பக்கம் ஒன்றுதான் வாகாக இருந்தது.

"இன்னா விருத்தாம்பா, இப்ப எதிருல நிக்க முடியாதே உங்க வூட்டுக்காரரால?" என்றாள் தனக்கொடி.

"பக்கத்துல நிக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு விருத்தாம்பாள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் தவிட்டுக் கிண்ணத்தோடு வந்து தோள் உரசக் குனிந்தான். கெண்டைகள் மேலே வந்தன.